லித்தியம்-கந்தக பேட்டரி: பிரிப்பானுக்கு எதைப் பூசுவது, எவ்வளவு பூசுவது?

கேள்வி இதுதான்: முதுநிலை வேதியியல் ஆய்வுத் திட்டத்துக்காக லித்தியம்-கந்தக காயின் செல்கள் (காசு வடிவச் சிறு பேட்டரிகள்) செய்கிறீர்கள். ஐம்பது சுழற்சிக்குள் கொள்திறன் பாதியாகிவிடுகிறது. பிரிப்பானுக்கு, அதாவது இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தாளுக்கு, நானோ பொருள் பூசினால் சரியாகும் என்று படித்திருக்கிறீர்கள். கிராஃபீன் ஆக்ஸைடா, கார்பன் நானோ குழாயா, மாங்கனீசு டை ஆக்ஸைடா என்று குழப்பம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் கடத்தும் மெல்லிய கார்பன் பூச்சில் தொடங்குங்கள். நானோ குழாய் கையில் இருந்தால் அதைப் பூசுங்கள், இல்லாவிட்டால் சாதாரண கார்பன் பிளாக்கே போதும். மற்றவற்றை அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஏன் கார்பன் முதலில் என்பதுதான் இங்கே முக்கியம். பூச்சைப் பாலிசல்ஃபைடை (லித்தியத்தோடு சேர்ந்த கந்தகச் சங்கிலியை) மறிக்கும் சுவர் என்று நினைத்தால் பொருளையும் தவறாகத் தேர்வு செய்வோம், சோதனையையும் தவறாகச் செய்வோம். கந்தகம் இருக்கும் மின்முனையான கேத்தோடை விட்டுத் தப்பி வரும் கந்தகத்தைப் பிடித்து, அங்கேயே எலக்ட்ரான் கொடுத்து, மறுபடி வேலைக்கு அனுப்பும் இடம் அது. இந்தக் கண்ணோட்டத்தில் மற்றதைப் பார்ப்போம்.

கந்தகத்தின் மேல் இவ்வளவு ஆசை எதற்கு என்று ஒரு வார்த்தை. ஒரு கிராம் கந்தகம் கோட்பாட்டளவில் 1,675 மில்லி ஆம்பியர்-மணி கொடுக்கும். இன்றைய லித்தியம்-அயனி கேத்தோடுகள் நடைமுறையில் 200-ஐ ஒட்டியே நிற்கின்றன. சராசரி மின்னழுத்தம் 2.1 வோல்ட்தான் என்றாலும், லித்தியம் உலோகத்தோடு சேர்த்தால் கிலோவுக்கு 2,500 வாட்-மணிக்கு மேல் கணக்கு வருகிறது. நிக்கலும் வேண்டாம், கோபால்ட்டும் வேண்டாம். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கழிவாக வெளியேறும் கந்தகமே போதும். 2010-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் செஃபிர் என்ற சூரிய ஒளி விமானம் இரண்டு வாரம் தரையிறங்காமல் பறந்தது. பகலில் ஏற்றிய மின்சாரத்தை இரவில் கொடுத்தவை சயான் பவர் நிறுவனத்தின் லித்தியம்-கந்தக செல்கள்தான். எடை குறைவு என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, சிக்கலுக்கு வருவோம். கந்தகம் எட்டு அணு வளையமாக இருக்கிறது. மின்னிறக்கத்தின்போது வளையம் உடைந்து, லித்தியத்தோடு சேர்ந்து, எட்டு, ஆறு, நான்கு என்று சங்கிலி குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் லித்தியம் சல்ஃபைடு ஆகிறது. தொடக்கத்தில் இருக்கும் கந்தகமும் திண்மம், முடிவில் வரும் சல்ஃபைடும் திண்மம். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது. நடுவில் வரும் நீண்ட பாலிசல்ஃபைடுகள் மட்டும் மின்பகுளியில் (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவத்தில்) நன்றாகக் கரையும். நீங்கள் பயன்படுத்தும் டையாக்ஸோலேன், டைமெத்தாக்ஸி ஈத்தேன் கலவையில் அவை செம்பழுப்பாகக் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். கரைவது குற்றமில்லை. கரையாவிட்டால் கந்தகத் துகளின் உள்ளே இருப்பது வினைக்கே வராது. கரைந்தது கேத்தோடு பக்கமே தங்காமல் லித்தியம் பக்கம் போவதுதான் தொல்லை.

மின்னேற்றத்தின்போது நீண்ட சங்கிலிகள் லித்தியத்திடம் போய் அங்கே எலக்ட்ரான் வாங்கிக் குறுகுகின்றன. குறுகியவை திரும்பி வந்து கேத்தோடில் எலக்ட்ரானை இழந்து மறுபடி நீள்கின்றன. தறியில் நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுவது மாதிரி இது நிற்காமல் ஓடும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த ஷட்டில் என்ற பெயரும் தறி நாடாவைக் குறிப்பதுதான். தறியிலாவது துணி வளரும். இங்கே ஏற்றிய மின்சாரம் செல்லுக்குள்ளேயே வீணாகிறது. செல்லை ஏற்றிவிட்டுச் சும்மா வைத்தாலும் தானாக இறங்குகிறது. லித்தியத்தின் மேல் சல்ஃபைடு படிந்து அந்தக் கந்தகம் நிரந்தரமாகக் கணக்கிலிருந்து போகிறது.

இந்த இடத்தில் பிரிப்பான் என்ன செய்கிறது? அநேகமாக எதுவுமே செய்வதில்லை. செல்கார்டு 2400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 25 மைக்ரான் தடிமன், 41 சதவீதம் துளைவெளி, துளையின் விட்டம் ஏறக்குறைய 43 நானோமீட்டர். பாலிசல்ஃபைடின் அளவோ ஒரு நானோமீட்டரை ஒட்டியது. இரண்டு மின்முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவே அந்த பாலிபுரோப்பிலீன் தாளைச் செய்தார்கள். மூலக்கூறைத் தடுக்க அல்ல.

பூச்சு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் வேலை இன்னும் தெளிவாகும். இதில் முன்னோடியாக இருந்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பணிபுரியும் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையில் இளநிலையும் முதுநிலையும், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டமும் முடித்தவர். 2019-இல் லித்தியம்-அயனி பேட்டரியின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக உரை நிகழ்த்தியவரும் இவர்தான். 2012-இல் இவருடைய குழு கேத்தோடுக்கும் பிரிப்பானுக்கும் நடுவே நுண்துளைக் கார்பன் தாள் ஒன்றைத் தனியாகச் செருகியது. கேத்தோடில் எந்த மாற்றமும் செய்யாமலேயே செல்லின் ஆயுள் கூடியது. ஆனால் தனித்தாள் என்றால் எடை. அதனால் 2014-இல் அதே கார்பனைப் பிரிப்பானின் மேலேயே மெல்லிசாகப் பூசினார்கள். பலசுவர் நானோ குழாய்ப் பூச்சு ஒன்றின் எடை சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 0.17 மில்லிகிராம்.

அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் யி சூயியின் குழு வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது. கேத்தோடும் பிரிப்பானும் தொடும் இடத்தில், மின்சாரம் எட்டாத கந்தகம் படிந்து செத்துப்போகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பிரிப்பான் பிளாஸ்டிக் என்பதால் அதன்மேல் படிந்ததற்கு எலக்ட்ரான் கிடைக்க வழியே இல்லை. அந்த முகத்தில் மின்கடத்தும் பூச்சு இருந்தால் படிந்ததும் மறுபடி உயிர் பெறுகிறது. நான் முதலில் சொன்ன வேலை இதுதான். கேத்தோடின் நீட்சியாகப் பிரிப்பானின் முகம் மாறிவிடுகிறது.

இதை ஒரு எளிய கணக்கிலும் பார்க்கலாம். கேத்தோடில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் கந்தகம் இருக்கிறது, பூச்சு 0.2 மில்லிகிராம் என்று வையுங்கள். பூச்சு தன் சொந்த எடை அளவுக்குக் கந்தகத்தை ஒட்டவைத்துக்கொள்கிறது என்று தாராளமாகவே நினைத்தாலும், பிடிபடுவது மொத்தத்தில் 4 சதவீதம். மீதி 96? ஒட்டவைத்து நிறுத்துவது மட்டும்தான் வேலை என்றால் முதல் சுழற்சியிலேயே இடம் நிரம்பிவிடும். பிடித்து, மாற்றி, விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்தால்தான் இவ்வளவு சிறிய பூச்சு இவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்ன பொருள்களுக்கு வருவோம்.

வெறும் கார்பன் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் கார்பன் முனைவற்றது, பாலிசல்ஃபைடு முனைவுள்ளது, பிடிப்பு பலவீனம். நைட்ரஜன் கலந்த கார்பனில் நைட்ரஜன் லித்தியத்தைப் பிடித்துக்கொள்வதால் நிலைமை கொஞ்சம் மேல்.

கிராஃபீன் ஆக்ஸைடு வேறு மாதிரி. அதன் விளிம்பிலும் மேலும் இருக்கும் ஆக்சிஜன் தொகுதிகளின் எதிர் மின்னூட்டம், பாலிசல்ஃபைடு எதிரயனியைத் தள்ளிவிட்டு லித்தியம் அயனியை விடும். நேஃபியான் என்ற பாலிமர் பூச்சில் சல்ஃபோனேட் தொகுதிகள் செய்வதும் இதே வேலைதான். படத்தில் வரைந்தால் மிக அழகாக இருக்கும். செல்லில் இரண்டு சங்கடம். கிராஃபீன் ஆக்ஸைடு மின்சாரம் கடத்தாது. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அடர்ந்துவிட்டால் லித்தியம் அயனிக்கே பாதை நீண்டு மின்தடை ஏறும். மெதுவாக இறக்கும்போது நன்றாக இருக்கும் செல், வேகத்தைக் கூட்டியதும் சரிந்துவிடும். அதனால் தனியாக வேண்டாம். நானோ குழாயோடு கலந்து பூசினால் குழாய்கள் தாள்களைப் பிரித்து வைக்கும்.

மாங்கனீசு டை ஆக்ஸைடைப் பற்றி வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசரின் குழு 2015-இல் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த வேதியியல். அங்கே ஆக்ஸைடு இருந்தது கந்தகக் கேத்தோடுக்குள். ஆனால் பாடம் பூச்சுக்கும் பொருந்தும். ஆக்ஸைடின் பரப்பு பாலிசல்ஃபைடோடு வினைபுரிந்து தயோசல்ஃபேட்டை உண்டாக்குகிறது. அந்தத் தயோசல்ஃபேட் அடுத்து வரும் நீண்ட சங்கிலிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, குறுகிய சல்ஃபைடைப் பிரித்து விடுகிறது. வெறும் ஒட்டுதல் இல்லை, கைமாற்றம் நடக்கிறது. ஆனால் ஆக்ஸைடின் மின்கடத்துதிறன் குறைவு. ஆகவே கார்பன் வலையின் மேல் நானோ தகடாக அதை வளர்த்து, பிறகு பூசுவதுதான் வழி. மாலிப்டினம் டை சல்ஃபைடு, டைட்டானியம் நைட்ரைடு, மெக்சீன்கள், நைட்ரஜன் கார்பனில் ஒற்றை அணுவாக அமர்ந்த கோபால்ட் எல்லாமே பிடிப்பும் மாற்றமும் சேர்ந்து நடக்க வேண்டும் என்ற இதே தேடலில் வந்தவை.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கணினியில் பிணைப்பு ஆற்றலைக் கணக்கிட்டு, எது அதிகமாகப் பிடிக்கிறதோ அதுவே சிறந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அளவுக்கு மீறிப் பிடித்தால் பூச்சு விடவே விடாது. அதன் பரப்பு முழுக்க லித்தியம் சல்ஃபைடு மூடி, வினையூக்கி முதல் சில சுழற்சியிலேயே குருடாகிவிடும். வினையூக்கிப் பாடத்தில் சபாட்டியே கொள்கை படித்திருப்பீர்களே, அதேதான். பிடி நடுத்தரமாக இருக்க வேண்டும்.

உலோக-கரிமச் சட்டகப் பூச்சையும் (உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்த நுண்துளைப் படிகம்) சொல்லியாக வேண்டும். 2016-இல் ஹாவ்ஷென் ஜோவ் குழுவினர் 0.9 நானோமீட்டர் துளையுள்ள சட்டகத்தைக் கிராஃபீன் ஆக்ஸைடோடு சேர்த்துச் சல்லடையாக்கினார்கள். 1,500 சுழற்சி, சுழற்சிக்கு 0.019 சதவீத இழப்பு. சல்லடை என்ற எண்ணம் நடைமுறையில் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் படிகங்களுக்கு இடையே ஒரு மைக்ரான் விரிசல் விட்டாலும் சல்லடை போச்சு. முதல் திட்டமாக எடுக்கத் தகுந்த பொருள் அல்ல.

இழப்பு சதவீதத்தைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கக் கொள்திறனில் சுழற்சிக்கு 0.1 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். 500 சுழற்சிக்குப் பிறகு பாதி போய்விடும். அந்த எண் எத்தனை மில்லிகிராம் கந்தகத்தில், எவ்வளவு மின்பகுளியில் வந்தது என்று பார்க்காமல் அதை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள்.

மின்பகுளி அளவுதான் இந்தத் துறையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. ஒரு மில்லிகிராம் கந்தகத்துக்கு 20 மைக்ரோலிட்டர் ஊற்றினால் எந்தப் பூச்சும் நன்றாக வேலை செய்யும். அதே 5 மில்லிகிராம் கந்தகத்தை எடுத்துக்கொள்வோம். கிராமுக்கு 1,200 மில்லி ஆம்பியர்-மணி, 2.1 வோல்ட் என்றால் கிடைப்பது 12.6 மில்லிவாட்-மணி. 20 மைக்ரோலிட்டர் கணக்கில் மின்பகுளி மட்டுமே 110 மில்லிகிராம் எடை. கந்தகம், கார்பன், அலுமினியத் தகடு, பிரிப்பான், லித்தியம் எல்லாம் சேர்த்து இன்னொரு 14 மில்லிகிராம் என்று வைத்தால், கிலோவுக்கு 100 வாட்-மணி. கடையில் விற்கும் லித்தியம்-அயனி செல்லே இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தரும். மின்பகுளியை மில்லிகிராமுக்கு 3 மைக்ரோலிட்டராகக் குறைத்தால் அதன் எடை 16.5 மில்லிகிராமாக இறங்கி, கணக்கு 400-ஐத் தாண்டுகிறது (உறையின் எடை நீங்கலாக). கந்தக பேட்டரிக்கு அர்த்தம் இருப்பது அந்த இடத்தில்தான்.

ஆனால் 3 மைக்ரோலிட்டரில் கந்தகம் முழுவதும் கரைந்தால் அது லிட்டருக்கு 10 மோலுக்கு மேல். அவ்வளவு கரையாது. மின்பகுளி பாகு போலக் கெட்டியாகி லித்தியம் அயனியே நகரச் சிரமப்படும். இந்த நிலையில் பூச்சு இன்னொரு வகையிலும் சோதிக்கப்படுகிறது. 20 மைக்ரான் தடிமன், 80 சதவீதம் துளைவெளி உள்ள பூச்சு, சதுர சென்டிமீட்டருக்கு 1.6 மைக்ரோலிட்டர் மின்பகுளியைக் குடித்துவிடும். மொத்தம் 15 மைக்ரோலிட்டர்தான் இருக்கிறது, அதில் பத்தில் ஒரு பங்கு போச்சு. அதனால்தான் மெல்லிய பூச்சு வேண்டும் என்கிறேன். சதுர சென்டிமீட்டருக்கு 0.2-இலிருந்து 0.5 மில்லிகிராம், 10 மைக்ரானைத் தாண்டாத தடிமன். ஒரு மாணவராக எல்லாவற்றையும் 3 மைக்ரோலிட்டரில் செய்யச் சொல்லவில்லை. மில்லிகிராமுக்கு 15 மைக்ரோலிட்டரில் தொடங்கி 10, 7, 5 என்று இறங்கி, உங்கள் பூச்சு எந்த இடத்தில் கைவிடுகிறது என்று காட்டினாலே அது நேர்மையான, பயனுள்ள ஆய்வு.

இனி பூசும் வேலை. ஆய்வகத்தில் இரண்டு வழி வழக்கம். வெற்றிட வடிகட்டலில், நானோ குழாயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒலியலை கொண்டு கலைத்து, பிரிப்பானையே வடிதாளாக வைத்து ஊற்றுவோம். பூச்சு சீராக வரும், பைண்டர் (ஒட்டும் பொருள்) தேவையில்லை. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு மேல் செய்ய முடியாது. இரண்டாவது, ஸ்லரி (கெட்டிக் குழம்பு) செய்து, டாக்டர் பிளேடு என்ற தட்டையான அலகால் இழுத்துப் பரப்புவது. கார்பன் ஒன்பது பங்கு, பைண்டராகப் பிவிடிஎஃப் ஒரு பங்கு, என்எம்பி கரைப்பான். ஸ்லரியின் பதம் இட்லி மாவைவிடத் தளர்வாக, தோசை மாவுக்குக் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் பிளேடு கோடு விழாமல் போகும். உலர்த்தும்போது 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பாலிபுரோப்பிலீன் உருக 160 டிகிரிக்கு மேல் ஆகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே தாள் சுருங்கித் துளைகள் மூட ஆரம்பிக்கும். வேகமாகக் காய்ந்தால் பூச்சு வெடித்து, வட்டமாக வெட்டும்போது ஓரம் உதிரும். உதிர்ந்த கார்பன் துகள் மறுபக்கம் போய் ஒட்டினால் செல் குறுக்குச்சுற்று. காய்ந்த தாளை விரல் நுனியில் மடித்து விரித்துப் பாருங்கள். கரி கையில் ஒட்டாமல் இருந்தால் பயன்படுத்தலாம்.

பூசிய முகம் கேத்தோடைப் பார்க்க வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் காற்றும் ஈரமும் புகாத கையுறைப் பெட்டிக்குள் தடித்த கையுறையோடு கருப்புக் கேத்தோடையும் கருப்புப் பூச்சையும் அடுக்கும்போது திருப்பி வைப்பது சாதாரணமாக நடக்கும். நானும் ஒரு வரிசை செல்களை அப்படி வைத்து ஒரு வாரச் சோதனையை இழந்திருக்கிறேன். பூசாத முகத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்ன அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதனையில், இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே பிரிப்பானை வைத்து, ஒரு பக்கம் செம்பழுப்புக் கரைசல், மறுபக்கம் தெளிந்த கரைப்பான் ஊற்றிப் படம் எடுப்பது வழக்கம். படத்துக்கு நல்லது. ஆனால் அது மறிக்கும் சக்தியை மட்டும்தான் காட்டுகிறது. மின்சாரம் இல்லை, மாற்றம் இல்லை. நாம் தேடும் வேலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அதைவிட ஓய்வுச் சோதனை பல மடங்கு பேசும். முழுதாக ஏற்றிய செல்லை மூன்று நாள் சும்மா வைத்துவிட்டு இறக்கிப் பாருங்கள், எவ்வளவு கொள்திறன் காணாமல் போனது என்று. பூச்சு உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டால் நாடா ஓட்டம் எவ்வளவு குறைந்தது என்று நேரடியாகத் தெரியும்.

அப்புறம் லித்தியம் நைட்ரேட். உங்கள் மின்பகுளியில் அது ஒன்று அல்லது இரண்டு சதவீதம் இருக்கும். லித்தியத்தின் மேல் காப்புப் படலம் அமைத்து நாடா ஓட்டத்தை அது தானாகவே அடக்கிவிடும். கூலோம் திறன் (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 99 சதவீதம் வந்தால் அது பூச்சின் பெருமையா, நைட்ரேட்டின் பெருமையா? நைட்ரேட் இல்லாமல் ஒரு தொகுதி செல் செய்யாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

மின்னிறக்க வளைகோட்டிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் படிகள் இரண்டு: 2.3 வோல்ட்டில் முதல் படி, 2.1-இல் இரண்டாம் படி. கோட்பாட்டின்படி கிராமுக்கு முதல் படி 418, இரண்டாம் படி 1,255 மில்லி ஆம்பியர்-மணி, விகிதம் 3. இரண்டாம் படியை முதல் படியால் வகுத்து வாருங்கள். விகிதம் 2-இலிருந்து 2.5-க்கு ஏறினால், கரைந்த சங்கிலிகள் திண்ம சல்ஃபைடாக மாறும் வேலை நன்றாக நடக்கிறது என்று பொருள். முதல் படியே சுழற்சிக்குச் சுழற்சி சுருங்கினால் கந்தகம் தப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் செல் ஐம்பது சுழற்சியில் பாதியானதற்குக் காரணம் கந்தகம்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் லித்தியம் பக்கத்தையும் பாருங்கள். கந்தகம் 5 மில்லிகிராம் என்றால் ஒவ்வொரு சுழற்சியிலும் சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய 29 மைக்ரான் தடிமன் லித்தியம் கரைந்து மறுபடி படிகிறது. அது ஒருபோதும் பழையபடி படிவதில்லை. பஞ்சு போல ஊதி, மின்பகுளியைக் குடித்துத் தீர்க்கிறது. பிரிப்பானில் எதைப் பூசினாலும் இது நிற்காது. சோதிப்பது சுலபம். செத்த செல்லைக் கையுறைப் பெட்டிக்குள் திறந்து, அதே கேத்தோடையும் பிரிப்பானையும் புது லித்தியம், புது மின்பகுளியோடு மறுபடி அடைத்து ஓட்டுங்கள். கொள்திறன் திரும்பி வந்தால் குறை லித்தியத்தில். வராவிட்டால் கேத்தோடு பக்கம், அங்கேதான் பூச்சு உதவும்.

இந்தத் திறந்து பார்க்கும் சோதனையை இப்போது கையில் இருக்கும் பழுதான செல்களிலேயே இந்த வாரம் செய்துவிடலாம். முடிவு பூச்சுக்குச் சாதகமாக வந்தால் ஐந்து வகைச் செல் போதும்: வெறும் பிரிப்பான், கார்பன் பிளாக் பூச்சு, நானோ குழாய்ப் பூச்சு, நானோ குழாயோடு கிராஃபீன் ஆக்ஸைடு, நானோ குழாயோடு மாங்கனீசு டை ஆக்ஸைடு. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று செல். கூடவே, பூச்சை மட்டும் வைத்துக் கந்தகமே இல்லாத ஒரு செல்லையும் அதே 1.7-இலிருந்து 2.8 வோல்ட் வரை ஓட்டுங்கள். மாங்கனீசு டை ஆக்ஸைடு இந்த மின்னழுத்தத்தில் தானே லித்தியத்தை ஏற்கும். அதன் பங்கைக் கழிக்காமல் எழுதினால் கந்தகம் தராத கொள்திறனைக் கந்தகத்தின் கணக்கில் எழுதியதாகிவிடும்.